மனரம்மியம் (கிறித்தவம்)

மனரம்மியம் என்பது, கையில் இருப்பது கூடினாலும் குறைந்தாலும் உள்ளம் நிலைகுலையாமல் இருக்கும் தன்மையைக் குறிக்கத் தமிழ்க் கிறித்தவர்கள் பயன்படுத்தும் சொல். பவுல் பிலிப்பி நகரச் சபைக்கு எழுதிய கடிதத்தின் நான்காம் அதிகாரத்திலிருந்து இது வழக்குக்கு வந்தது. பேச்சில் 'போதுமென்ற மனம்', 'மனநிறைவு', 'திருப்தி' என்றும் சொல்வதுண்டு. இது பிறவிக் குணம் அன்று, பழகிக் கற்றுக்கொள்ள வேண்டியது என்பது இக்கருத்தின் மையம். அப்படியானால் வறுமையையும் அநீதியையும் பொறுத்துக்கொள்வதற்கு இது இன்னொரு பெயர்தானா என்ற கேள்வியும் கூடவே எழுகிறது. தமிழ் பேசும் பகுதிகளின் கிறித்தவ வரலாற்றில் இக்கேள்விக்கு வாழ்ந்து காட்டிய விடைகள் சில உண்டு.

சொல்

'ரம்மியம்' என்பது இனிமை, அழகு என்று பொருள்படும் வடசொல். இன்றைய மாணவருக்கு 'ரம்மியமான காட்சி' என்றால் மலையும் அருவியும்தான் நினைவுக்கு வரும். ஆகவே பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் உள்ள 'மனரம்மியம்' சற்று விலகி நிற்கிறது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு 'மனநிறைவு' என்ற எளிய சொல்லை எடுத்துக்கொண்டது. புரிவதற்கு இதுவே நல்லது. ஆனால் பழைய சொல்லில் இனிமையின் சாயல் ஒன்று இருந்தது. வாயை மூடிக்கொண்டு சகிப்பது 'ரம்மியம்' ஆகாது.

மூலமான கிரேக்கத்தில் உள்ள சொல் 'அவ்தார்க்கெஸ்'. தன்னிடம் உள்ளதே தனக்குப் போதுமானவன், பிறரையோ சூழ்நிலையையோ சார்ந்திராதவன் என்பது அதன் பொருள். இது பவுல் உருவாக்கிய சொல் அன்று. அவர் காலத்து ஸ்தோயிக்கத் தத்துவவாதிகள் பெரிதும் போற்றிய குணம் அது. ஆசையைக் குறைத்து, உணர்ச்சிகளை அடக்கி, உலகம் தன்னை எதுவும் செய்ய முடியாத நிலையை அறிவினால் அடைய வேண்டும் என்று அவர்கள் போதித்தனர். பவுல் அவர்களுடைய சொல்லை எடுத்துக்கொண்டு அதன் அடித்தளத்தை மாற்றினார். அந்தப் போதுமான நிலைக்கு ஆதாரம் மனிதனின் மன உறுதி அன்று, கிறிஸ்து கொடுக்கும் பலம் என்பது அவருடைய கூற்று.

சிறையிலிருந்து வந்த நன்றிக் கடிதம்

இக்கருத்து எந்தச் சூழலில் எழுதப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் வசனத்தை மட்டும் படித்தால் பாதிதான் விளங்கும். பிலிப்பி, மக்கெதோனியாவில் இருந்த ரோமக் குடியேற்ற நகரம். அங்கே முதலில் விசுவாசிகளானவர்களுள் இரத்தாம்பரம் விற்ற லீதியாள் என்ற பெண்ணும் ஒருவர். பவுல் அந்த ஊரிலேயே அடிபட்டுச் சிறையில் வைக்கப்பட்டதையும் அப்போஸ்தலர் நடபடிகள் 16-ஆம் அதிகாரம் சொல்கிறது. சில ஆண்டுகள் கழித்து அவர் வேறொரு சிறையில் இருந்தபோது, பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து என்பவர் மூலம் அவருக்கு உதவி அனுப்பினர். வந்தவர் நோயுற்றுச் சாகும் நிலைக்குப் போய்ப் பிழைத்தார். அவரைத் திருப்பி அனுப்பும்போது எழுதிய கடிதமே இது.

ஆகவே மனரம்மியத்தைப் பற்றிய பகுதி ஒரு நன்றி அறிவிப்பின் நடுவே வருகிறது. உதவியைப் பெற்றுக்கொண்டவர், தமக்குக் குறைவு இருந்ததால் நன்றி சொல்லவில்லை என்று விளக்குகிறார். மேலும் கேட்பதுபோல் தோன்றிவிடக் கூடாது. அனுப்பியவர்களின் அன்பைச் சிறுமைப்படுத்தவும் கூடாது. கடன் கேட்டுப் பழகியவருக்கும், கொடுத்துப் பழகியவருக்கும் இந்தச் சங்கடம் தெரிந்திருக்கும்.

அந்தப் பகுதியில் இரண்டு வினைச்சொற்கள் கவனிக்கத்தக்கவை. ஒன்று 'கற்றுக்கொண்டேன்' என்பது. மற்றொன்று, அக்காலத்து மறைச் சமயங்களில் தீட்சை பெறுவதற்கு வழங்கிய சொல். பசியிலும் நிறைவிலும், தாழ்விலும் வளத்திலும் இருக்கும் வித்தையில் தாம் தீட்சை பெற்றவர் என்பதுபோல் பவுல் எழுதுகிறார். வளத்தில் இருக்கவும் கற்க வேண்டும் என்று அவர் சேர்த்துச் சொல்வதைப் பலர் கவனிப்பதில்லை. வறுமையில் நிதானமாக இருந்த குடும்பம் கையில் பணம் வந்தபின் நிதானம் இழந்ததை எந்தத் தெருவிலும் பார்க்கலாம்.

இதற்கு அடுத்த வசனம் (பிலிப்பியர் 4:13) இன்று மிகவும் புகழ்பெற்றது. தேர்வு எழுதும் மாணவரின் நோட்டு அட்டையிலும், ஆட்டோவின் பின்கண்ணாடியிலும், விளையாட்டு வீரர்களின் உடையிலும் அதைக் காணலாம். எதையும் சாதிக்கலாம் என்ற பொருளில் அது பயன்படுகிறது. எழுதப்பட்ட இடத்தில் அதன் பொருள், பசியானாலும் நிறைவானாலும் எதையும் தாங்கும் பலம் உண்டு என்பதே. முதல் மதிப்பெண் வாங்கியவருக்கு மட்டுமன்றி, எதிர்பார்த்த கல்லூரியில் இடம் கிடைக்காதவருக்கும் அது பொருந்தும்.

இதனால் முயற்சி வேண்டாம் என்று ஆகிவிடாது. அதே கடிதத்தின் மூன்றாம் அதிகாரத்தில் பவுல் தம்மை இலக்கை நோக்கி ஓடும் பந்தயக்காரனாகக் காட்டுகிறார். கூடாரம் செய்யும் தொழிலால் தம் செலவுக்குத் தாமே சம்பாதித்தவர் அவர். தம் உடைமையைப் பற்றி நிறைவும், தம் குணத்தையும் பணியையும் பற்றி நிறைவின்மையும் அவரிடம் ஒன்றாக இருந்தன. இன்றைய வழக்கம் பெரும்பாலும் இதற்குத் தலைகீழ்.

யாருக்குச் சொல்லப்பட்டது

வேதாகமத்தில் 'போதும்' என்ற போதனை யாரை நோக்கி வருகிறது என்று பார்த்தால் ஒரு செய்தி தெளிவாகும். யோவான் ஸ்நானகனிடம் சில போர்ச்சேவகர்கள் வந்து தாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். மக்களை மிரட்டிப் பறிக்காமலும், பொய்க் குற்றம் சாட்டாமலும், தங்கள் சம்பளமே போதும் என்று இருக்கும்படி அவர் சொன்னார் (லூக்கா 3:14). கையில் ஆயுதமும் அதிகாரமும் உள்ளவரிடம் சொன்ன சொல் இது. இன்றைய மொழியில் சொன்னால், லஞ்சம் வாங்காதே என்பதுதான்.

தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதத்தின் ஆறாம் அதிகாரமும் அப்படியே. போதுமென்ற மனதோடு சேர்ந்த பக்தியே பெரிய ஆதாயம் என்ற கருத்து 6-ஆம் வசனத்தில் வருகிறது. அதற்கு முந்திய வசனம், பக்தியை ஆதாயத்துக்கு வழியாக நினைப்பவர்களைக் கண்டிக்கிறது. அதற்கு மறுமொழியே 6-ஆம் வசனம். முந்தியதை விட்டுவிட்டுப் பிந்தியதை மட்டும் படிப்பது பிரசங்கங்களில் அடிக்கடி நடக்கிறது.

பழைய ஏற்பாட்டில் ஆகாப் அரசனின் கதை உண்டு (1 இராஜாக்கள் 21). அரண்மனை இருந்தும், பக்கத்தில் இருந்த நாபோத்தின் திராட்சைத் தோட்டம் கிடைக்கவில்லையே என்று அவன் சாப்பிடாமல் முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டான். கடைசியில் பொய்ச் சாட்சி சொல்ல வைத்து நாபோத் கொல்லப்பட்டான். தன் தகப்பன் நிலத்தைத் தர மாட்டேன் என்று மறுத்த நாபோத்தை அந்தக் கதை மனநிறைவு இல்லாதவன் என்று சொல்லவில்லை. குற்றம் அரசன் மேல்தான். பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று நிலக்காரர்களை எச்சரிக்கும் யாக்கோபின் கடிதமும் (5:4), கூலிக்காரரைப் பார்த்து இருப்பது போதும் என்று சொல்லவில்லை.

தவறாகப் பயன்பட்ட விதம்

இருந்தும், ஏழைகளை அவர்கள் இருக்கும் இடத்திலேயே இருத்தி வைக்க இப்போதனை பயன்பட்டதுண்டு. 1848-இல் சிசில் பிரான்சஸ் அலெக்சாண்டர் வெளியிட்ட சிறுவர் பாடல் ஒன்று உலகெங்கும் பாடப்படுகிறது. படைப்பின் அழகைப் போற்றும் அப்பாட்டில், கோட்டையில் உள்ள செல்வரையும் வாசலில் உள்ள ஏழையையும் அந்தந்த நிலையில் வைத்தது கடவுளே என்ற பொருளில் ஒரு சரணம் இருந்தது. பிற்காலப் பாட்டுப் புத்தகங்கள் பலவற்றில் அந்தச் சரணம் நீக்கப்பட்டது. நீக்கியது சரியே.

அப்பாடல் வெளிவந்த அதே காலத்தில், திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்த தென் பகுதியில் (இன்றைய கன்னியாகுமரி மாவட்டம்) தோள்சீலைப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. நாடார் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணியக் கூடாது என்பது அங்கே சாதிக் கட்டுப்பாடு. கிறித்தவர்களான பெண்களுக்குக் குப்பாயம் என்ற சட்டை மட்டும் அனுமதிக்கப்பட்டது. அவர்கள் அதோடு நிற்கவில்லை. உயர்சாதிப் பெண்களைப்போல் தோள்சீலையும் அணிந்தார்கள். 1820-களிலும் 1850-களின் இறுதியிலும் கலவரங்கள் மூண்டன. பெண்கள் தெருவில் தாக்கப்பட்டனர். சிற்றாலயங்களும் பள்ளிகளும் எரிக்கப்பட்டன. 1859 ஜூலை 26-இல் மேலாடைக்கு அனுமதி தரும் அரசாணை வந்தது. அதிலும், உயர்சாதியார் அணியும் அதே முறையில் கூடாது என்ற நிபந்தனை இருந்தது.

சட்டையே போதும் என்று அந்தப் பெண்கள் அடங்கியிருந்தால், அதை மனரம்மியம் என்று புகழ்ந்து எழுதவும் ஆள் இருந்திருப்பார். பெற்றோர், பாட்டி தலைமுறைகள் பட்டதைக் கேட்டு வளர்ந்த குமரி மாவட்டக் கிறித்தவர்கள் அதை அப்படிப் பார்ப்பதில்லை. தன் தேவையைச் சுருக்கிக்கொள்வது வேறு. தன் மானத்தைப் பிறர் சுருக்குவதற்கு இடம் கொடுப்பது வேறு.

திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமம்

தாமாகவே முன்வந்து தேவையைச் சுருக்கிக்கொண்டவர்களுக்குத் தமிழகத்தில் நல்ல எடுத்துக்காட்டு, அன்றைய வடஆர்க்காடு மாவட்டத் திருப்பத்தூரில் 1921-இல் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமம். தொடங்கியவர்கள் இருவரும் மருத்துவர்கள். ஒருவர் தமிழரான சவரிராயன் யேசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்துக்காரரான எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன். பேட்டன் கம்பளி நூல் ஆலைகளால் செல்வம் பெருகிய குடும்பத்தில் பிறந்தவர். ஆசிரமத்தில் யேசுதாசன் 'பெரியண்ணன்', பேட்டன் 'சின்னண்ணன்'. வெள்ளைக்காரர் ஆண்ட நாட்டில், வெள்ளைக்காரர் தம்பியாகவும் தமிழர் அண்ணனாகவும் இருந்த இந்த உறவுமுறை பெயரளவில் சிறியதாகத் தெரியும். அன்றைக்கு அது சிறிய செய்தி அன்று.

இருவரும் திருமணம் செய்துகொள்ளவில்லை. கதர் உடுத்து, மரக்கறி உணவு உண்டு, சம்பளம் பெறாமல் ஏழைகளுக்கு மருத்துவம் செய்தார்கள். ஜெபாலயத்தைத் தமிழ்க் கோயில் கட்டடக்கலையில் எழுப்பினார்கள். 1932-இல் சென்னையில், அந்நியத் துணி எதிர்ப்பு மறியல் நடந்த காலத்தில், கதர் உடையில் இருந்த பேட்டனைப் போலீசார் தாக்கினர். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை அந்தச் செய்தி போனது. எளிய உடை அணிவது தனிமனித ஒழுக்கம் மட்டுமே என்று நினைப்பவர்களுக்கு அது ஒரு பாடம்.

கணக்காளர் குமரப்பா

இந்த இரண்டையும், அதாவது தன்னைப் பற்றிய நிறைவையும் ஊரைப் பற்றிய நிறைவின்மையையும், ஒரே வாழ்க்கையில் மிகத் தெளிவாகக் காட்டியவர் ஜே. சி. குமரப்பா (1892–1960). தஞ்சாவூரில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ் என்ற பெயரில் பிறந்தார். இலண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, பம்பாயில் தணிக்கை நிறுவனம் நடத்தினார். பின்னர் அமெரிக்காவில் சிரக்யூஸ், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் படித்தார். ஆங்கில இந்தியாவில் வரியும் செலவும் எவ்வாறு மக்களை ஏழையாக்கின என்பதே அங்கே அவர் ஆராய்ந்த பொருள். 1929-இல் காந்தியைச் சந்தித்தபின் மேல்நாட்டு உடையையும் வருமானத்தையும் விட்டார். 'கொர்னேலியஸ்' போய்க் குடும்பத்தின் பழைய பெயரான 'குமரப்பா' வந்தது.

விட்டதோடு அவர் சும்மா இருக்கவில்லை. 'யங் இந்தியா' இதழில் எழுதிச் சிறை சென்றார். 1934 பீகார் நிலநடுக்க நிவாரணத்தின் கணக்குப் பொறுப்பு அவரிடம் இருந்தது. தொண்டர் ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்று அணாவுக்குமேல் உணவுச் செலவு கூடாது என்று விதித்தார். காந்தி தம் குழுவோடு வந்தபோது, அக்குழுவின் செலவை நிவாரண நிதியில் எழுத முடியாது என்று மறுத்துவிட்டார். காந்தி அதை ஏற்றுக்கொண்டார். சம்பளமே போதும் என்ற யோவானின் சொல்லைக் கணக்குப் புத்தகத்தில் எழுதினால் இப்படித்தான் இருக்கும்.

1942 போராட்டத்தை அடுத்து ஜபல்பூர்ச் சிறையில் இருந்தபோது அவர் எழுதிய நூல்கள் இரண்டு. ஒன்று இயேசுவின் போதனையும் நடைமுறையும் பற்றியது. மற்றொன்று நிலைத்த பொருளாதாரம் பற்றியது. இரண்டுக்கும் காந்தி முன்னுரை எழுதினார். மனரம்மியத்தைப் புரிந்துகொள்ளக் குமரப்பா செய்த ஒரு சொல் திருத்தம் உதவும். வாழ்க்கைத் தரத்தை 'உயர்ந்தது', 'தாழ்ந்தது' என்று பிரிப்பது தவறு, 'சிக்கலானது', 'எளியது' என்றே பிரிக்க வேண்டும் என்றார் அவர். பொருள்கள் பெருகப் பெருக வாழ்க்கை சிக்கலாகும். உயரும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. அதே நேரத்தில், கிராமத்தவர் அரை வயிற்றோடு இருப்பதை அவர் ஒருபோதும் 'எளிமை' என்று அழைக்கவில்லை. அதைச் சுரண்டல் என்றே அழைத்தார். ஆட்சியோடு ஒத்துப்போன திருச்சபைத் தலைவர்களையும் 1930-இலேயே வெளிப்படையாகக் கேள்வி கேட்டார்.

கடைசிக் காலத்தை மதுரையை அடுத்த தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். அவர் அறைச் சுவரில் ஓர் ஏழைக் கிராமத்தவரின் படம் இருந்தது என்றும், யார் இது என்று கேட்டவர்களிடம் தம் குருவின் குரு என்று விடை சொன்னார் என்றும் சொல்லப்படுவதுண்டு.

டோனாவூரில் ஓர் அறை

பொருளைப் பற்றிய நிறைவைவிடக் கடினமானது உடலைப் பற்றியது. அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல் (1867–1951) திருநெல்வேலிப் பகுதியில் கோயில்களுக்கு ஒப்படைக்கப்பட இருந்த சிறுமிகளை வளர்த்து ஆளாக்கியவர். 1901 முதல் டோனாவூரில் வாழ்ந்தார். ஊர் ஊராக நடந்து பழகிய அவர் 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், சாகும்வரை, பெரும்பாலும் ஒரே அறையில் கழிந்தன. அந்த அறையிலிருந்து பல நூல்களை எழுதினார். நோயாளிகளுக்கு நலமானவர்கள் கூறும் எளிதான ஆறுதல்கள் எவ்வளவு உதவாதவை என்பதையும் அந்த எழுத்தில் மறைக்காமல் சொன்னார். வலி இல்லாததுபோல் நடிப்பதை அவர் மனரம்மியம் என்று எண்ணவில்லை. தம் கல்லறைமேல் பெயர்க்கல் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், பிள்ளைகள் அங்கே பறவைகளுக்கான தண்ணீர்த் தொட்டி ஒன்றை வைத்தார்கள்.

சென்னையின் மேற்குப் புறநகரில்

ஆசிரமத்துக்கோ டோனாவூருக்கோ போகாமல், வேலையும் வீடும் பிள்ளைகளுமாக வாழ்பவர்களுக்கு இது எவ்வாறு பொருந்தும்? பூந்தமல்லி நெடுஞ்சாலையும் சென்னைப் புறவழிச்சாலையும் சந்திக்கும் வானகரம் அதற்கு ஏற்ற இடம். அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடியின் படைத்துறைத் தொழிற்சாலைகளும் அருகே இருப்பதால், தென் மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்து தங்கிவிட்ட கிறித்தவக் குடும்பங்கள் இப்பகுதி முழுவதும் உண்டு. ஒரு தலைமுறைக்குள் வாடகை வீடு, மனை, சொந்த வீடு, பிறகு அடுக்குமாடி என்று மாறியவர்கள் பலர். மாதத் தவணையும் கூடவே வளர்ந்தது.

இத்தகைய பகுதிகளின் சபைகளில் சாட்சி சொல்லும் நேரம் என்று ஒன்று இருக்கும். வேலை கிடைத்தது, வீடு கட்டினோம், பிள்ளைக்கு விசா வந்தது என்று சொல்வார்கள். நன்றி சொல்வதில் தவறில்லை. ஆனால் இரண்டாவது கடன் வாங்க வேண்டாம் என்று முடிவு செய்தோம், அதற்குக் கடவுள் உதவினார் என்று யாரும் எழுந்து சொல்வதைக் கேட்பது அரிது. அதுவும் சாட்சிதான். புத்தாண்டு இரவு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளிலும் பெருக்கம், உயர்வு பற்றிய வசனங்களே விரும்பப்படுகின்றன. எனக்கு வறுமையும் வேண்டாம், செல்வமும் வேண்டாம், தேவையான உணவு போதும் என்று ஆகூர் கேட்ட ஜெபம் (நீதிமொழிகள் 30:8) அட்டையில் வந்தால் எத்தனை பேர் மகிழ்ச்சியோடு வீட்டுக்குக் கொண்டுபோவார்கள் என்பது கேள்வி.

பழைய பழக்கம் ஒன்று இந்தப் பாடத்தை வசனம் இல்லாமலே கற்றுக் கொடுத்தது. தென் மாவட்டக் கிறித்தவக் குடும்பங்களில் உலை வைக்கும்போது, அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். அதற்குப் பிடி அரிசிக் காணிக்கை என்று பெயர். மிசோரமில் இதே பழக்கம் 1910-இல் தொடங்கி இன்றும் அந்த மாநிலச் சபைகளுக்கு முக்கியமான வருவாயாக இருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, அரிசி அளந்தபின் எடுக்கப்படுகிறது என்பது. மீந்ததிலிருந்து எடுப்பதில்லை. அன்றைக்கு வீட்டில் எல்லாருக்கும் ஒரு பிடி குறைவு. பானை குறைந்த நாளிலும் பிடி எடுத்த தாய்க்குத் தன் வீட்டுக்கு எவ்வளவு போதும் என்று துல்லியமாகத் தெரிந்திருந்தது. அரிசி மூட்டையாக வந்து குக்கரில் வேகும் புறநகர் வீடுகளில் அந்தப் பானைக்குப் பதிலாக ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் உண்டியல் பெட்டிதான் அலமாரியில் இருக்கிறது. அதில் பெரும்பாலும் சில்லறை விழுகிறது.